கணவாய் வழியே நடந்தவர்கள்

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டையில் சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசற் படியிறங்குவோரை முதலில் வந்து தழுவுவது மேற்கு மலையின் சாரலேயாகும். குடையை விரிப்பதா வேண்டாவா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே தோள் நனைந்துவிடும். அந்நேரத்தில் கொல்லம் சாலையில் இருவர் மூவராகச் சிலர் மேற்கு நோக்கி விரைந்து நடப்பதைக் காணலாம். கையில் பையில்லை, தலையில் சுமையில்லை, போய்ச்சேர வேண்டிய ஊரும் இல்லை. ஒரு குறிப்பிட்ட இடம் வரை சென்று, வந்த வழியே திரும்பிவிடுவார்கள். சர்க்கரை நோய்க்காகவும் இரத்தக் கொதிப்புக்காகவும் மருத்துவர் விதித்த நடை அது. மணிக்கட்டில் கட்டிய கருவி எட்டுக்களை எண்ணிச் சொல்கிறது.

சென்னையிலும் மதுரையிலும் காணும் காட்சிதான் இது. ஆயின் செங்கோட்டைச் சாலையில் அதைக் காணும்போது நமக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. போக்கிடமின்றி மனிதர் நடப்பதை இந்தச் சாலை அண்மைக் காலத்தில்தான் கண்டிருக்கிறது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இவ்வழியே நடந்தவர் எவரும் நடைக்காக நடக்கவில்லை. அவர்கள் யாவர், எதற்காக நடந்தனர், அவர்தம் நடை எப்போது நின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். இன்று தினந்தோறும் நடக்க வேண்டுமென்று நாளும் உறுதி பூண்டு, நாளும் அதைக் கைவிடும் நம்மவர்க்கு அவ்வரலாற்றில் ஏதேனும் கிடைக்கக்கூடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மனிதன் கடக்கத்தக்க கணவாய்கள் மிகச் சில. பாலக்காட்டுக்குத் தெற்கே பெயர்பெற்றது ஆரியங்காவுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலில் அமைந்த ஊர் செங்கோட்டை. புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று மலையேறி இறங்கினால் கொல்லம், அப்பால் அரபிக்கடல். கிழக்கேயிருந்து நெல்லும் துணியும் புகையிலையும் ஏறின. மேற்கேயிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் இறங்கின. பொதிமாடுகள் ஒருபுறமிருக்க, தலைச்சுமையாகவே சென்ற சரக்கும் குறைவன்று. இராணுவ நில அளவையாளர்களான வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தபோது இம்மலைகளையெல்லாம் சங்கிலியும் கருவிகளுமாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் பெயர் நூலில் நிற்கிறது. அவர்களுடைய சங்கிலியையும் கருவிகளையும் சுமந்து நடந்தவர்களின் பெயர் நிற்கவில்லை.

செங்கோட்டை வெறும் மலைவாயில் மட்டுமன்று. ஓர் அரசின் எல்லை வாயிலுமாகும். கொட்டாரக்கரையைத் தலைமையாகக் கொண்ட இளையடத்துச் சொரூபத்துக்கு உரியதாயிருந்த இப்பகுதியை, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூருடன் இணைத்தார். அன்று முதல் 1956 வரை, மலைக்குக் கிழக்கே, தமிழ் வழங்கும் சமவெளியில், திருவிதாங்கூரின் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஐந்து மைல்தான். அந்த ஐந்து மைலை நடந்து கடந்தவன் நாணயம் மாறக் கண்டான். பிரிட்டிஷ் இந்திய அணாவுக்குப் பதில் சக்கரமும் பணமும். ஆண்டுக் கணக்கு மாறிற்று. கொல்லம் ஆண்டு வந்தது. தபாற்பெட்டி போய் அஞ்சற்பெட்டி வந்தது. காலையில் தென்காசிச் சந்தைக்குப் போய் மாலையில் திரும்பும் ஒரு வணிகர், ஒரே நாளில் இருமுறை நாடு கடந்தவராவார். அதை அவர் ஒரு பெருமையாகவோ தொல்லையாகவோ எண்ணியிருக்க மாட்டார். சுங்கச் சாவடியில் நிறுத்தப்பட்ட நாட்களில் மட்டும் தொல்லையாக எண்ணியிருப்பார்.

அச்சுங்கத்தின் கதை தனியே எழுதத் தக்கது. திருவிதாங்கூரில் புகையிலை வாணிகம் நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. எல்லைக்கு அப்பால் விலை மலிவு, இப்பால் விலை உயர்வு என்றால், இரவில் காட்டு வழியே நடக்க ஆட்கள் தோன்றுவது எந்நாட்டிலும் இயல்பு. திவான் மாதவராவ் காலத்தில் (1858–1872) அத்தனியுரிமை நீங்கிற்று. 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் உள்நாட்டுச் சுங்கங்கள் பலவும் அகன்றன. பகல் வழியே நடக்கக்கூடியதை இரவு வழியே நடக்க வேண்டிய அவசியம் அவ்வளவில் குறைந்தது.

அஞ்சல் என்றோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று தமிழ்நாடெங்கும் தபாலுக்கு வழங்கும் அழகிய சொல்லாகிய ‘அஞ்சல்’, செங்கோட்டைக்காரர்க்கு அன்றே அன்றாடச் சொல். திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்கு அதுவே பெயர். 1951இல் இந்தியத் தபால் துறையுடன் இணையும் வரை அது தனித்தே இயங்கிற்று. அதன் உயிர்நாடி அஞ்சலோட்டக்காரன். மணி கட்டிய கோலொன்றைக் கையிலேந்தி, பையைத் தோளில் தாங்கி, நடையும் ஓட்டமுமாகச் சென்று அடுத்த ஆளிடம் பையை ஒப்படைப்பான். மணியோசை கேட்டால் வழிவிட வேண்டும். அரசாங்கம் சம்பளங் கொடுத்து நடக்கச் செய்த மனிதன் அவன். தினம் ஒரே தூரம், ஒரே நேரம், மழையாயினும் வெயிலாயினும் நில்லாத நடை! நாம் இன்று மருத்துவருக்கு அஞ்சி வாக்களித்துவிட்டு மூன்றாம் நாளே மழையைக் காரணங் காட்டிப் படுத்துக்கொள்ளும் அந்த நடையை, அவன் ஆயுள் முழுவதும் நடந்தான்.

இனி, இவ்வட்டாரம் ஈன்ற நடையாளர்களுள் தலையாயவரிடம் வருவோம். தக்கலையில் அடங்கியிருக்கும் இறைநேசச் செல்வர் பீர்முகம்மது அப்பா அவர்கள் பிறந்த ஊர் தென்காசி என்பதை வாசகர்கள் அறிவார்கள். தென்காசியை விட்டுப் புறப்பட்ட அப்பா, மேற்கு மலைகளில் தவமிருந்து, பின்னர்த் தக்கலைக்கு வந்து தங்கினார்கள் என்பது வரலாற்று வழக்கு. அவர்கள் தங்கியதால்தான் பீர்மேடு அப்பெயர் பெற்றது என்று இன்றளவும் மக்கள் சொல்கின்றனர். தென்காசி, பீர்மேடு, தக்கலை என்னும் மூன்று புள்ளிகளையும் ஒரு படத்தில் குறித்துக் கோடிழுத்துப் பாருங்கள். மலையின் கிழக்கடிவாரத்திலிருந்து வடமேற்கே உச்சிக்குச் சென்று, மீண்டும் தெற்கே மலைமுனை வரை வந்த ஒரு நெடும்பயணம் அது. யானையும் புலியும் உலவிய காட்டில், கால்களையன்றி வேறு வாகனம் எண்ணவும் இயலாத காலத்தில் நிகழ்ந்தது. தக்கலையில் ரஜப் மாதந்தோறும் அவர்களுடைய ஞானப்புகழ்ச்சியை ஓரிரவு முழுவதும் கூடியிருந்து பாடும் மரபு தொடர்ந்து வருகிறது. பாடுவோர் அமர்ந்து பாடுகின்றனர். பாடியவரோ மலைகள் நடந்து தக்கலை சேர்ந்தவர்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, செங்கோட்டையும், தக்கலையை உள்ளடக்கிய கல்குளம் முதலான தென் வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. அப்பா பிறந்த ஊரும் அடங்கிய ஊரும் ஒரு மாநிலம், இடையில் தங்கிய மலை மற்றொரு மாநிலம்! செங்கோட்டை வட்டமுங்கூட முழுதாக வரவில்லை. ஆரியங்காவு உள்ளிட்ட மலைப்பகுதி கேரளத்தோடு தங்கிவிட்டது. கணவாயின் வாயிலாக வாழ்ந்த ஊர் கணவாயைப் பிரிந்தது. எல்லை இடம் பெயர்ந்து, தென்காசிச் சாலையிலிருந்து புளியரைக்கு அப்பால் போயிற்று. செங்கோட்டை எல்லைக்கு இப்பாலே நின்றுகொண்டது.

பீர்முகம்மது அப்பா நெசவுத் தொழில் செய்தவர்கள். தென்காசியிலும் கடையநல்லூரிலும் நம்மவர்கள் பலர்க்கு அதுவே குலத்தொழிலாயிருந்தது. நெசவு என்றவுடன் குழியில் காலை விட்டு அமர்ந்திருக்கும் ஆடவனே நம் நினைவுக்கு வருகிறான். தறிக்குப் பாவு வந்த வழியை நாம் நினைப்பதில்லை. ஆலைகளும் பாவு சுற்றும் உருளைகளும் வருமுன், பாவு தெருவில்தான் போடப்பட்டது. தெருவின் நெடுகக் கோல்களை நட்டு, நூற்கண்டைக் கையிலேந்தி, ஒரு கோலுக்கு இப்புறமும் அடுத்த கோலுக்கு அப்புறமுமாக நூலை விட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும். முனையில் திரும்பி மீண்டும் நடக்க வேண்டும். இதைப் பெரிதும் செய்தவர் பெண்டிர். நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நூற்றுக்கணக்கான நடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே. பாவின் நீளம் 30 கஜம் என்றும், நடை 400 தடவை என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000 கஜம். ஏறத்தாழ 7 மைல். ஓர் எட்டுக்கு இரண்டரை அடி என்றால் 14,400 எட்டுக்கள். தெருவின் எல்லையைத் தாண்டாமலே தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போய்த் திரும்பும் தொலைவை அப்பெண்மணி நடந்துவிடுகிறாள். இடையிடையே அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு!

இந்த 14,400ஐ மனத்தில் நிறுத்திக்கொண்டு, இன்றைய நடையாளர்கள் ஓதும் மந்திர எண்ணாகிய 10,000ஐப் பார்ப்போம். அது எங்கிருந்து வந்தது? எந்த மருத்துவ ஆராய்ச்சியிலிருந்தும் அன்று. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் 1964இல் நடந்து முடிந்த சூட்டோடு, 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் கட்டும் நடைமானியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘மான்போ-கேய்’. பதினாயிரம் எட்டு மானி என்பது அதன் பொருள். கடைச்சரக்கின் பெயர் நாளடைவில் உடல்நல விதியாகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்பாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, சராசரி 72 வயதுடைய 16,000க்கும் மேற்பட்ட மூதாட்டியரை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 எட்டு நடந்தவர்களே 2,700 எட்டு நடந்தவர்களைவிட நெடிது வாழக் கண்டனர். 7,500க்கு மேல் கூடுதல் நன்மை பெரிதாகத் தென்படவில்லை. எனவே பதினாயிரம் எட்டவில்லையே என்று ஏங்கி நடையையே விட்டுவிடுவோர் அவ்வேக்கத்தை விட்டொழிக்கலாம்.

உடலுழைப்பும் இதயமும் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் இலண்டன் மருத்துவர் ஜெரி மாரிஸ். 1953இல் அவர் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. இலண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே வாழ்க்கைத் தரத்தில் உள்ளவர்கள். ஆயினும் ஓட்டுநரைக் காட்டிலும் நடத்துநருக்கு மாரடைப்பு வெகு குறைவாகவே கண்டது. வந்தாலும் கடுமை குறைந்திருந்தது. நடத்துநர் எவரும் உடல்நலங் கருதிப் படி ஏறவில்லை. சீட்டுக் கிழிக்கவே ஏறினார்.

இங்கேதான் நம் சிந்தனை தங்க வேண்டும் என்று தோன்றுகிறது. சுமையாளும் அஞ்சலோட்டக்காரனும் பாவு போட்ட பெண்மணியும் இலண்டன் நடத்துநரும் நடையை ‘மேற்கொண்டவர்கள்’ அல்லர். நடை அவர்களுடைய வேலைக்குள்ளே இருந்தது. அதனால் அதை விட்டுவிட அவர்களால் இயலவில்லை. இதைச் சொல்லும்போது பழமையைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. தலைச்சுமையாளின் கழுத்தெலும்பு தேய்ந்தது, பாவு போட்டவளின் கால் வீங்கியது, கூலியோ அரைவயிற்றுக்கு. அவர்கள் மக்கள் நடையிலிருந்து தப்பியோடியதில் வியப்பில்லை. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பலர் குடும்பத்தோடு கப்பலேறி சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் குடியேறியதும், அங்கே கடையநல்லூரார் 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி கண்டதும் அத்தப்பித்தலின் நற்கனிகளே. அவர்களில் எவரிடமேனும் சென்று, மீண்டும் தெருவில் பாவு போட வாருங்கள், இதயத்துக்கு நல்லது என்று சொன்னால் என்ன விடை கிடைக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

கணவாயின் நடையை நிறுத்தியது புகைவண்டி. 1904இல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர் பாதை திறக்கப்பட்டது. கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலம், மலையைக் குடைந்த குகைகள் என அப்பாதையின் அழகு பலராலும் பாடப்பட்டதுண்டு. நாட்கணக்கில் நடந்த வழி மணிக்கணக்கில் சுருங்கிற்று. நூறாண்டுக்கு மேல் ஓடிய அந்தச் சிறு வண்டி, அகலப்பாதைப் பணிக்காக 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதையில் மீண்டும் ஓடலாயிற்று. புனலூரில் கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் 1877இல் கட்டி முடித்த தொங்குபாலம் இன்றும் நிற்கிறது. மாட்டுவண்டிக்கும் பின்னர் மோட்டாருக்குமாகப் பயன்பட்ட அது, பக்கத்தே 1972இல் புதுப்பாலம் வந்தபின் ஓய்வு பெற்று, இன்று கால்நடையாக வருவோர்க்கு மட்டும் உரியதாகிவிட்டது. வண்டிக்கெனக் கட்டப்பட்டது நடப்பவனுக்குக் கிடைத்த அரிய நிகழ்ச்சி! மற்ற இடங்களிலெல்லாம் நடப்பவனுடையதை வண்டி எடுத்துக்கொண்டதே நாம் கண்டது.

பட்டினத்தில் அதை நன்கு காணலாம். சென்னைக் கடற்கரையில் உலாவும் சாலையை 1880களில் அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப். உலாவுவதற்கென்றே ஓர் அரசு சாலை சமைத்தது நம் நாட்டுக்குப் புதுமை. ஆயின் நகரின் ஏனைய தெருக்களில் நடைபாதை எனப்படுவது கடையின் பலகைக்கும் மின்மாற்றிக்கும் நிறுத்திய வாகனத்துக்கும் போக எஞ்சிய இடமே. திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜாப் பெரிய பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுது, கடற்கரை வரை நடந்து திரும்பும் பழக்கமுடைய முதியோரை நாம் அறிவோம். முப்பது ஆண்டுகளாக விடாமல் நடப்பவரும் அவர்களில் உண்டு. இரகசியம் என்ன என்று கேட்டால் அவர்கள் விழிப்பார்கள். தொழுகைக்கு எழுந்தாயிற்று, வெளியே வந்தாயிற்று, நடக்கிறோம் என்பதற்கு மேல் அவர்களிடம் விடையில்லை. நாமும் ஒருமுறை நடைமானி வாங்கி, நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதி, பதினேழு நாள் நடந்து பதினெட்டாம் நாள் நிறுத்தியவர்களே. அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்முதியோரிடம் நோட்டில்லை.

மார்க்கம் இதனை எவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறது! மதீனாவில் பள்ளிவாசலுக்குத் தொலைவில் வாழ்ந்த பனூ ஸலிமா குலத்தார், அருகே குடிவந்துவிட விரும்பினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்னும் கருத்துப்பட அருளினார்கள். நாயகம் (ஸல்) அவர்களே சனிக்கிழமைதோறும் குபாப் பள்ளிக்குச் சிலபோது நடந்தும் சிலபோது ஊர்ந்தும் செல்வார்கள் என்பது நம்பத்தகுந்த ஹதீஸ். மதீனாப் பள்ளியிலிருந்து குபா சுமார் இரண்டு மைல். பெருநாளன்று ஒரு வழியே சென்று மறுவழியே திரும்புவதும் அவர்களுடைய வழக்கம். இவற்றில் எங்கும் நடைக்காக நடை இல்லை. ஒரு போக்கிடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் காத்திருக்கும் மனிதர் இருக்கின்றனர்.

செங்கோட்டை நடையாளர்களுக்கு அந்தப் போக்கிடம் இன்று குறைந்துகொண்டே வருகிறது. பள்ளிவாசலுக்கே மோட்டார் சைக்கிளில் வருவோர் பெருகிவிட்டனர். பாவு போட்ட தெருக்களைப் போன்ற தெருக்களில் இன்று ஒரு குழந்தை குறுக்கே ஓட அஞ்ச வேண்டியிருக்கிறது. கொல்லம் சாலையிலோ, கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் கனத்த லாரிகள் புளியரை நோக்கி வரிசையாக ஊர்கின்றன. சாலையோரம் என்று ஒன்று இருந்த இடத்தில் சேறும் சரளையும் கிடக்கின்றன. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி முதுகில் படும்போதெல்லாம் நடப்பவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நின்று ஒதுங்கி நின்று நடப்பது நடையாகுமா? மருத்துவர் ‘நட’ என்கிறார்; சாலை ‘நில்’ என்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டம் கட்டடங்களுக்கு இடந்தேடுவது போல், இரண்டடி அகலமுள்ள நடைபாதைக்கும் இடந்தேடினால் அது மருத்துவமனையில் சில கட்டில்களை மிச்சப்படுத்தும்.

அண்மையில் ஒரு சாரற்காலையில் அந்நடையாளர்களுடன் நாமும் சிறிது தூரம் சென்றோம். மூவரில் மூத்தவர் தென்காசியில் தறி போட்ட குடும்பத்தினர். அவருடைய பாட்டியார் பாவு போட்டதைப் பிள்ளைப் பருவத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னார். நாம் போட்ட கணக்கை அவரிடம் சொன்னதும் நின்றுவிட்டார். “ஏழு மைலா? கன்னிம்மா ஒருநாளும் ‘நடந்தேன்’னு சொன்னதில்லையே. ‘பாவு போட்டேன்’னுதான் சொல்லுவாக” என்றார். பிறகு மூவரும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குளக்கரை வழியே வயல்களுக்கிடையில் ஊருக்குத் திரும்பினர். லாரிகளுக்கு அஞ்சித் தேர்ந்த வழிதான். எனினும் போன வழியில் அவர்கள் திரும்புவதில்லை என்பதை நாம் குறித்துக்கொண்டோம். கரையின் மறுமுனையில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. நாலாவது ஆள் ஒருவர் அங்கே முன்பே வந்து காத்திருந்தார்.